ஆர்.பி.ஜி கேம்ல வில்லும் அம்பும்: எண்ணிக்கைய மட்டும் குறைச்சா பேலன்ஸ் வருமா?

வடசேரி_வில்:

கோடோ கேம் இன்ஜின்ல 3டி ஆர்.பி.ஜி (ஒரு பாத்திரமா ஆடற கேம்) ஒண்ணு செய்துட்டு இருக்கோம். காலம், 1741 குளச்சல் போருக்கு (திருவிதாங்கூரும் டச்சுக்காரங்களும் மோதினது) கொஞ்சம் முந்தி. மேப் மூணு துண்டு: மணக்குடிக் காயலும் கடற்கரையும், நடுவுல வயலும் குளமும், மேல பேச்சிப்பாறைப் பக்கம் அணை வாறதுக்கு முந்தின காடு. வாள், வேல், வில் மூணும் உண்டு. தலைவலி வில்லுதான்.

இப்ப உள்ள எண்கள்: வாள் ஒரு வெட்டுக்கு 18 சேதம், 0.8 விநாடி. வில் முழு இழுப்புக்கு 30 சேதம், 1.2 விநாடி. சாதாரண எதிரிக்கு உயிர் 90. 30 மீட்டர்ல நம்மளப் பாத்தா விநாடிக்கு 4 மீட்டர் வேகத்துல ஓடி வருவான். அம்பு ஒண்ணு 3 சக்கரம் (பழைய திருவிதாங்கூர்க் காசு). எதிரிய விழத்தட்டினா 8 சக்கரம் கிடைக்கும்.

அம்புக்கு அளவே இல்லாம விட்டா எல்லாரும் ஒரு பாறை மேல ஏறி நின்னு மொத்த முகாமையும் காலி பண்ணுதாங்க. தூணியில (அம்புப் பையில) 20ன்னு கட்டுப்படுத்தினா வில்ல யாரும் தொடல, கடைசி வரைக்கும் அதே 20 பையிலயே கிடக்கு. விலைய 1 ஆக்கி தூணிய 99 ஆக்கினா திரும்பவும் பாறைதான். எண்ணிக்கை, விலை, எடை, ஸ்டாமினா (பிளேயரோட தெம்பு), இதுல எதுல கைய வைக்கணும்?

தக்கலை_கணக்கு:

உங்க எண்களையே போட்டுப் பாப்போம். சேதம் மட்டும் பாத்தா வாள் விநாடிக்கு 22.5, வில் 25. இதுல பெரிய வித்தியாசம் இல்ல, சேதத்தக் குறைக்க வேண்டாம். 30 மீட்டர் ஓடி வர எதிரிக்கு 7.5 விநாடி ஆவும். அதுக்குள்ள 6 அம்பு விடலாம். ஆறும் பட்டா 180 சேதம், கிட்ட வாறதுக்கு முன்னாடியே ரெண்டு பேரு தரையில. அந்த 7.5 விநாடிக்கு பிளேயர் கையில இருந்து ஒண்ணும் போவல. பாறைக்கு மேல நின்னா 7.5 விநாடிங்கறது முடிவே இல்லாம நீளுது. பாறைப் பிரச்சினை முழுக்க இந்த இனாம் நேரத்துலதான் இருக்கு, அம்பு விலையில இல்ல.

அடுத்து, 20 அம்பு வச்சப்ப ஏன் தொடலன்னு பாருங்க. ஒரு ஆளுக்கு 3 அம்பு, 9 சக்கரம். கிடைக்கறது 8. குறி ஒண்ணுகூட தப்பலன்னாலும் தலைக்கு 1 சக்கரம் நட்டம். பிளேயர் உக்காந்து இதக் கணக்குப் போட மாட்டான், ஆனா பை மெலியறது அவனுக்குத் தெரியும். வில்ல எடுத்து உள்ள வச்சிடுவான்.

வாளுக்கும் செலவு உண்டுல்லா? ஒரு ஆளோட நேருக்கு நேர் மோதினா சராசரியா 12 உயிர் போவுது, 50 உயிர் தர்ற மருந்து 10 சக்கரம்னு வைங்க. அப்ப வாளுக்கு ஆள் ஒண்ணுக்கு 2.4 சக்கரம் செலவு. தூரத்துல நின்னு அடிக்கற பாதுகாப்புக்காக வில்லுக்கு இதப் போல ஒண்ணரை முதல் ரெண்டு மடங்கு, அதாவது 3.6 முதல் 4.8 வரைக்கும் வைக்கலாம்.

விலையக் குறைச்சு அந்த இடத்துக்கு வராதீங்க, திரும்பக் கிடைக்கற அம்ப வச்சு வாங்க. 100 அம்பு விட்டா 70 படுது, 30 தப்புதுன்னு வைங்க. பட்டதுல 40 சதவீதம் முறியட்டும், அது 28. தப்பினதுல 20 சதவீதம் தொலையட்டும், அது 6. ஆக 100க்கு 34 போச்சு. ஒரு ஆளுக்கு 3 அடி படணும்னா 4.3 தடவை எய்யணும். 4.3 × 0.34, ஏறக்குறைய 1.46 அம்பு, 4.4 சக்கரம். நம்ம கேட்ட எல்லைக்குள்ள வந்தாச்சு, 8ல 3.6 மிச்சமும் நிக்குது.

இந்த விகிதத்துல கை வைக்கும்போது கவனம். 20 அம்புல பாதி திரும்பக் கிடைச்சா மொத்தம் 40 தடவை எய்யலாம். 80 சதவீதம் திரும்பினா 100 தடவை. 90 சதவீதம்னா 200. 80ல இருந்து 90ன்னா ஏதோ சின்ன பெர்க் (பிளேயர் தேர்ந்தெடுக்கற கூடுதல் திறன்) மாதிரி இருக்கும், ஆனா தூணிய இரட்டிப்பாக்கற பெர்க் அது. ஸ்கைரிம் கேம்ல உடம்புல பட்டது மூணுல ஒண்ணுதான் திரும்பும், ஒரு பெர்க் எடுத்தா மூணுல ரெண்டு. டி அண்ட் டி ஐந்தாம் பதிப்புல சண்டை முடிஞ்சு ஒரு நிமிஷம் தேடினா விட்டதுல பாதி கிடைக்கும். பாதிங்கறது பேப்பர்ல ஆடறவங்களுக்கு எளுப்பம், கம்ப்யூட்டர் கேமுக்கு அத அப்படியே எடுக்கணும்னு இல்ல.

இன்னொண்ணு கேக்க மறந்துட்டாதீங்க: ஒளிஞ்சு அடிச்சா எத்தனை மடங்கு? 3 மடங்குன்னா 30 × 3 = 90. ஒரே அம்புல ஆள் காலி. மேல போட்ட கணக்கு மொத்தமும் செத்துச்சு.

குளச்சல்_கோடர்:

கணக்கு சரி. அந்த 7.5 விநாடிய எப்படி விலைக்கு விக்கறதுன்னு நான் சொல்லுதேன்.

ஸ்டாமினா 100. நாண் இழுக்க 15. இழுத்துப் பிடிச்சிருக்கும்போது ரீஜென் (தானா திரும்ப ஏறறது) கிடையாது. கைய விட்டு 1 விநாடி சும்மா இருந்தா பொறவு விநாடிக்கு 20 ஏறும். விலகிச் சாட 20, வாள் வெட்டு ஒண்ணுக்கு 8.

இப்ப அதே எதிரி ஓடி வாறான். 6 அம்பையும் விட்டா 7.2 விநாடி, 90 ஸ்டாமினா போச்சு. அவன் மூஞ்சிக்கு நேரா நிக்கும்போது உங்ககிட்ட 10 இருக்கு. சாட முடியாது, ஒரு வெட்டு வெட்டலாம், அவ்ளவுதான். நாலாவது அம்போட நிறுத்தினா 4.8 விநாடி, மிச்சம் 40. அவன் இன்னும் 10.8 மீட்டர் தள்ளி, வந்து சேர 2.7 விநாடி. 1 விநாடி போக 1.7 விநாடியில 34 ஏறி, 74 ஸ்டாமினாவோட வாளத் தூக்கலாம். அஞ்சாவது அம்பு விடணுமா வேண்டாமாங்கற யோசனை பிளேயருக்கு சண்டைக்கு நடுவுல வருது பாத்தியளா? அம்பு விலை அந்த யோசனையத் தராது, அது சந்தையில நிக்கும்போதுதான் உறைக்கும்.

அரை இழுப்ப மறக்காதீங்க. பாதி இழுத்தா பாதிச் சேதம்னு நேரா வச்சிருந்தா 0.6 விநாடிக்கு 15, அதே 25 விகிதம்தான். அம்பு மட்டும் இரட்டிப்பாப் போவும். மலிவா அம்பு இருக்கறவன் பட்டனத் தட்டிக்கிட்டே இருப்பான். இழுப்போட வர்க்கத்துக்கு சேதம் வைங்க: பாதி இழுத்தா கால்வாசி, 7.5 சேதம், விநாடிக்கு 12.5. தட்டறது நின்னுரும். ஸ்டாமினாவ மட்டும் நேர் விகிதத்துல விட்டுருங்க.

பாறைக்குத் தனி மருந்து வேணும். வழி கிடைக்காத இடத்துல பிளேயர் நின்னு 3 விநாடி ஆச்சுன்னா எதிரி மறைவு தேடி ஓடணும், 10 விநாடி அடி படாம இருந்தா உயிர் திரும்ப ஏறணும். முகாமுக்கு ஒருத்தன் கையில கவண் இருக்கட்டும். இது இல்லாம வேற எந்தச் செலவு வச்சாலும் பாறை பாறையாத்தான் இருக்கும்.

கருங்கல்_பேட்ச்நோட்:

எல்லாரும் அம்ப எண்ணிக்கிட்டே இருக்கீங்க. எண்ணாம விடறது ஏன் யாருக்கும் தோணல? டயாப்ளோ 2ல அம்புக்கட்டுக்கு எண்ணிக்கை உண்டு. டயாப்ளோ 3ல அத எடுத்தே போட்டாங்க, அங்க வில்லாளியான டீமன் ஹண்டருக்கு வெறுப்பு, கட்டுப்பாடுன்னு தீர்ந்து ஏறற ரெண்டு அளவு, அம்பு தீராது. விட்சர் 3 குறுக்குவில்லுல சாதாரண போல்ட் (அதோட அம்பு) தீராது. பால்டர்ஸ் கேட் 3ல சாதா அம்புக்கு எண்ணிக்கையே இல்ல, தீ அம்பு, அமில அம்பு மாதிரி விசேஷ அம்புதான் எண்ணிக்கையோட வரும். மான்ஸ்டர் ஹண்டர் வேர்ல்டு வில்லுல அம்பு தீராது, ஸ்டாமினா தீரும், அம்புல பூசற குப்பி தீரும்.

சாதா அம்ப எண்ணறதுல ஆட்டத்துக்குக் கிடைக்கற லாபம் என்ன? சண்டை முடிஞ்சதும் புல்லுக்குள்ள குனிஞ்சு பொறுக்கற வேலை. குளச்சல் சொன்ன ஸ்டாமினா போதும். சாதா அம்ப இனாமா விடுங்க, தீ அம்பு 5, விஷ அம்பு 5னு வைங்க. முடிஞ்சுது சோலி.

குளச்சல்_கோடர்:

அரங்கத்துக்குள்ள சண்டை மட்டும் உள்ள கேமுக்கு நீங்க சொல்லுத வழிதான் நல்லது. இவங்க கேம்ல காடு இருக்கு, பொருள் சேக்கறது இருக்கு. ஹொரைசன் ஜீரோ டான் பாருங்க: அம்பு செய்ய ஒரு மரக்குச்சி, உலோகத் துண்டு. அதே உலோகத் துண்டுதான் கடையில காசு. ஒவ்வொரு அம்பும் நேரா பணம். சண்டைக்கு நடுவுல ஆயுதச் சக்கரத்தத் தொறந்தா நேரம் மெதுவாவும், அங்கேயே அம்பு செய்யலாம். அதனால கையில அம்பு இல்லங்கற நிலை அபூர்வம், ஆனா செலவு உண்டு. எண்ணறதா எண்ணாம விடறதாங்கறது ரெண்டு முனை, நடுவுல இப்படி இடம் கிடக்கு.

வடசேரி_வில்:

காட்டுல பொருள் தேடறதுதான் கேமோட பாதி, எண்ணிக்கைய எடுக்க மனசில்ல. ஸ்டாமினாவும் எதிரி ஒளியறதும் உறுதியா வைக்கப் போறோம். ஒளிஞ்சு அடிச்சா இப்ப 3 மடங்குதான், அதுக்கு ஒரு வழி சொல்லுங்க. அம்பு திரும்ப எடுக்கறத எப்படிச் செய்யணும்? பொருள் என்னென்ன வைக்கலாம்?

குளச்சல்_கோடர்:

ஒளிஞ்சு அடிக்கறத 2 மடங்கு ஆக்குங்க, 60. ஆள் சாவ மாட்டான், சத்தம் போடுவான், ரெண்டாவது அம்பு சீக்கிரம் போயே ஆகணும். 3 மடங்கு வேணும்னா திறன் மரத்துல (பெர்க் வரிசையில) கடைசி பெர்க்கா வைங்க. துப்பாக்கி எப்படியும் வரும்லா, அந்தக் காலம் அது. துப்பாக்கிக்கு ஒரு வெடிக்குப் பெரிய சேதம், நிரப்ப நெடுநேரம், முகாம் முழுக்கக் கேக்கற சத்தம். வில்லுக்குச் சத்தமின்மைதான் சொத்து, அத முழுசாப் பிடுங்கிடாதீங்க.

திரும்ப எடுக்கற வேலையில சறுக்கற இடம் நாலஞ்சு உண்டு. முறியுதா இல்லையாங்கறத அம்பு படற நேரத்துலயே முடிவு பண்ணி எழுதிடணும். எடுக்கும்போது பகடை போட்டா, சேவ் பண்ணி எடுத்துப் பாப்பான், முறிஞ்சா லோட் பண்ணுவான். முறிஞ்ச அம்பு கண்ணுக்கு முறிஞ்சதாவே தெரியட்டும், பக்கத்துல போய் ஏமாற வேண்டாம்.

அம்பு வேகம் விநாடிக்கு 60 மீட்டர்னா, பிசிக்ஸ் கணக்கு விநாடிக்கு 60 தடவை (60 டிக்) ஓடும்போது ஒரு டிக்குக்கு 1 மீட்டர் தாவும். மெலிஞ்ச கதவு, கையி, கேடயம் எல்லாத்தையும் துளைச்சு அந்தப் பக்கம் போயிரும். போன டிக்ல இருந்த இடத்துல இருந்து இப்ப உள்ள இடம் வரைக்கும் ரேகாஸ்ட் (நடுவுல ஏதும் தடுக்குதான்னு பாக்கற கோடு) போடுங்க, பட்ட புள்ளியில நிறுத்தி உறைய வைங்க. எதிரி உடம்புல பட்டா எலும்போட ஒட்டுங்க. ஆனா எண்ணிக்கைய எதிரியோட பைக்குள்ள எழுதிடுங்க, பொணம் மறைஞ்சா அம்பும் சேந்து மறையும்லா, அதுதான் அடிக்கடி வாற பக்.

தரையில கிடக்கற அம்பு 40க்கு மேல போனா பழசத் தூக்கணும். தூக்கினத பிளேயர் கணக்குல சேத்துடுங்க, மெமரிக்காக நீங்க அழிச்சதுக்கு அவன் ஏன் காசு கொடுக்கணும்? 1.5 மீட்டர் கிட்டப் போனாலே தானா எடுக்கட்டும், ஒவ்வொண்ணுக்கும் பட்டன் வேண்டாம். கருங்கல் சொன்ன குனிஞ்சு பொறுக்கற சடவு அதோட தீரும். காயல்ல, பள்ளத்துல விழுந்தது போனது போனதுதான். இடத்துக்கு ஏத்த செலவு அது, ஒண்ணும் எழுதாமலே கிடைக்குது.

திற்பரப்பு_தச்சன்:

பொருள் பத்தி. அம்புக்கு கோல், முனை, இறகு. மூணையும் அரிதா வச்சா பிளேயர் பையில 200 கோல், 60 முனை, 0 இறகுன்னு நிப்பான். கோலையும் முனையையும் ஏராளமா விடுங்க, ஒண்ண மட்டும் இறுக்குங்க. எனக்க வோட்டு இறகுக்குத்தான். இரும்ப இறுக்கினா வாளுக்கும் வேலுக்கும் சேத்து இறுகும், வில்லத் தனியா சரி பண்ண வழியில்லாமப் போவும். இறகு வில்லுக்கு மட்டும்தான், ஒரே எண்ணத் திருகினா போதும்.

இறகுக்கு உங்க மேப்லயே இடம் இருக்கு. சுசீந்திரம், தேரூர் குளக்கரையில உதிர்ந்தது கிடக்கட்டும், வடகிழக்குப் பருவத்துல பறவை நிறைய வாற நேரம் கூடுதலா. அம்பு தீந்த பிளேயர் காட்டுல இருந்து குளத்துக்கு இறங்கி வருவான், மூணு துண்டும் ஒண்ணோட ஒண்ணு சேந்துக்கும். கோலுக்கு மூங்கிலும் நாணலும். நாணுக்கு மருள் நாரு போடுங்க, வில்நாண் திரிக்கற செடியே அது. நிஜ அம்புல மூணு இறகும் ஒரே பக்கத்துச் சிறகுல இருந்து வரணும். அத கேம்ல வைக்காதீங்க, இட இறகு வல இறகுன்னு ரெண்டு பொருள் சுமந்து பிளேயர் பைத்தியம் பிடிச்சு ஓடிருவான்.

இரும்பு எடுக்க மணவாளக்குறிச்சிக் கருமணல வைக்கணும்னு யாருக்காவது தோணும். அது இல்மனைட், டைட்டானியத் தாது, ஊர்க் கொல்லன் உலைக்கு ஒத்து வராது. உதயகிரிக் கோட்டையில பீரங்கி வார்த்த உலையும் வேண்டாம், அத நடத்தின டச்சுக்காரர் டிலனாய் பிடிபட்டதே 1741 குளச்சல் போர்லதான், அது அதுக்குப் பொறவு வந்த வேலை.

விளைச்சல் எவ்வளவுங்கறதுதான் பலரும் கவுர்ற இடம். ஸ்கைரிம்ல டான்கார்டுங்கற கூடுதல் பாகம் வந்த பொறவு 1 விறகும் 1 உலோகக் கட்டியும் கொடுத்தா 24 அம்பு. அங்க சாதா ஆட்டத்துல அம்புக்கு எடையும் கிடையாது. ரெண்டும் சேந்தா அம்பு இனாம்னே வைங்க. உங்களுக்கு 5 கோல், 5 முனை, 3 இறகு கொடுத்தா 5 அம்பு போதும். தக்கலை கணக்குப்படி ஆளுக்கு 1.46 அம்பு, அப்ப ஒரு கட்டு மூணு ஆளுக்கு வரும். 6 பேர் உள்ள முகாமுக்கு ரெண்டு கட்டு, 6 இறகு. குளத்துக்கு ஒரு நடை போனா 15 இறகு கிடைக்கற மாதிரி வச்சா ரெண்டரை முகாம் ஓடும்.

தூணி அளவு 30க்கு மேல வேண்டாம். சின்னத் தூணி வச்சா பதுக்கறது குறையும். எதிரிகிட்ட இருந்து 6 அம்பு கிடைக்குது, தூணி நிறைஞ்சு கிடக்கு, அந்த ஆறும் வீணாவுதுன்னு தெரிஞ்சா அடுத்த சண்டையில வில்லத் தானா எடுப்பான். 99, 999ன்னு விட்டா எல்லாத்தையும் சேத்து வைக்கத்தான் தோணும். எடை வேண்டவே வேண்டாம், 30ல நிறுத்தினப்பறம் எடை அதே வேலைய ரெண்டாவது தடவை செய்யுது.

வடசேரி_வில்:

இறகு யோசனை பிடிச்சிருக்கு. கடைசியா மூணு. மழை பெய்யும்போது வில் பலவீனமாகணுமா? வில்லும் முறியணுமா? பெரிய ஆள் சண்டைக்கு அம்பே இல்லாம ஒருத்தன் போய் நின்னா?

தக்கலை_கணக்கு:

மழை: நம்ம ஊருக்கு தென்மேற்கு, வடகிழக்கு ரெண்டு பருவமும் உண்டு. மேப்ல அத உள்ளபடி வச்சா மழைநேரம் பெருசா வந்து நிக்கும். 30 சதவீத நேரம் மழை, அப்ப வில் 30 சதவீதம் பலவீனம்னா, சராசரிக்கு 9 சதவீதக் குறைவு. பேப்பர்ல சின்னதுதான், ஆனா மழைச் சண்டையில வில்லாளி சும்மா நிப்பான். சேதத்தக் குறைக்காம தூரத்தக் குறைங்க: இறகு நனைஞ்சா 20 மீட்டருக்கு மேல அம்பு சிதறட்டும். எதிரிக்கும் மழையில பார்வை 30ல இருந்து 20 மீட்டரா சுருங்கட்டும். 20 மீட்டர்னா 5 விநாடி, 4 அம்பு. காட்டுத் தேன்மெழுகு நாணுல தேய்ச்சு, அம்புக்கட்டுக்கும் பூசினா அந்தச் சிதறல் பாதியாவட்டும். பிரெத் ஆஃப் த வைல்ட்ல தீ அம்பும் குண்டு அம்பும் மழையில வேலை செய்யாது, சாதா அம்பு செய்யும். சாதா அம்பு மழையிலும் கை கொடுக்கணும், விசேஷ அம்பு வேணும்னா சோர்ந்து போவட்டும்.

வில் முறியறது வேண்டாம். பிரெத் ஆஃப் த வைல்ட்ல வில்லும் தேயும், அம்பும் குறையும், ஆனா எதிரிங்க கையில இருந்து புது வில் வந்துக்கிட்டே இருக்கும். உங்களுக்கு வில் ஒண்ணோ ரெண்டோதான். நாண் மட்டும் தேயட்டும்: 200 எய்தலுக்கு ஒரு நாண். அறுந்து போவ வேண்டாம், தேய்ஞ்சா இழுக்கற நேரம் 1.2ல இருந்து 1.4 ஆவட்டும்.

குளச்சல்_கோடர்:

மூணாவதுக்கு: தூணியில 5க்குக் கீழ போனா எதிரிகிட்ட அம்பு கிடைக்கற வாய்ப்ப இரட்டிப்பாக்குங்க, 10 ஆனதும் பழையபடி. வெளிய சொல்ல வேண்டாம். வில்லால மட்டுமே தொடக்கூடிய ஆள், பறக்கறவனோ கோட்டை மேல நிக்கறவனோ இருந்தா, அந்தச் சண்டைக் களத்துக்குள்ளயே ஒரு அம்புக் குவியல் வேணும், 60 விநாடிக்கு 4 அம்பு நிரம்பற மாதிரி. வாசல் கதவு பின்னால பூட்டற சண்டைன்னா இது கட்டாயம். பூட்டின களத்துக்குள்ள சேவ் ஆகி, அம்பு 0ன்னா, அந்த ஃபைல் செத்த ஃபைலு.

டெஸ்ட் பண்ணும்போது சேதத்த லாக் பண்ணறதோட நிறுத்தாதீங்க. ஒவ்வொரு சண்டைக்கும் தொடக்கத்துல அம்பு, முடிவுல அம்பு, எதிரி தொடற நேரத்துல ஸ்டாமினா, இந்த மூணையும் எழுதுங்க. முடிவுல அம்பு எப்பவும் 28, 30ன்னு நின்னா பதுக்குதாங்க. தொடற நேரத்து ஸ்டாமினா எப்பவும் 10க்குக் கீழ இருந்தா ரீஜென் தாமதத்த 1ல இருந்து 0.8 ஆக்கிப் பாருங்க. மத்த எண்களத் தொடறதுக்கு முன்னாடி இது ரெண்டையும் முடிங்க, மக்கா.

கருங்கல்_பேட்ச்நோட்:

தீ அம்பு 5, விஷ அம்பு 5ங்கறதையாவது எடுத்துக்கிடுங்க. அதுக்கு தனித் தூணி, 30க்குள்ள சேக்காதீங்க.